பந்து கொஞ்சம் பெரிசு

நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்த முதல் வருடம் ஏவன்டேல் பகுதியில் வாடகைக்கு இருந்தோம். கணவருக்கு ஐடி வேலை. எனக்கு விசா இருந்தும் வேலை கிடைக்கவில்லை. கல்லூரியில் விக்கெட் கீப்பராக இருந்த தைரியத்தில், பக்கத்துக் கிளப்பின் பெண்கள் கிரிக்கெட் அணியில் சேர்ந்தேன். சனிக்கிழமைகளில் மட்டும்தான் இந்த ஊர் எனக்குப் பிடித்தது.

மார்ச்சில் இங்கே கோடை முடியும்; கிரிக்கெட் சீசனும் முடிந்தது. கிளப் அறையில் கையுறைகளைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தபோது கேப்டன் வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், எலக்ட்ரீஷியன். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர்.

"குளிருக்கு என்ன செய்யப் போறீங்கள்?"

"வீட்டுலதான் இருப்பேன், அக்கா."

"எங்களிட்ட ஃபுட்போல் டீமும் இருக்கு. கோலுக்கு ஆள் இல்லை. வாங்கோவன்."

"ஐயோ, நான் ஃபுட்பாலை உதைச்சதே இல்ல!"

"ஆர் உதைக்கச் சொன்னது? பிடிச்சால் போதும். பந்து கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்."

நான் தயங்குவதைப் பார்த்து, சுவரில் இருந்த பழைய படத்தைக் காட்டினார். அடர்ந்த மீசையும் கால்காப்புமாக ஓர் ஆங்கிலேயர். கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவருடைய தகப்பனாராம். கீழே அவர் கதை நாலு வரியில் இருந்தது. பஞ்சாலைத் தொழிலாளி. கோடையில் தன் கவுண்டி கிரிக்கெட் அணிக்கு விக்கெட் கீப்பர், குளிர்காலத்தில் ஊர் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பர். விளையாட முடியாத வயதில் இரண்டு ஆட்டங்களுக்கும் நடுவராக நின்றிருக்கிறார்.

"அந்தக் காலத்தில கனபேர் இப்பிடித்தான். இவருக்கு ஏலுமெண்டால் உங்களுக்கு ஏலாதோ?"

சரி என்று சொல்லிவிட்டேன்.

முதல் ஆட்டத்தன்று நல்ல மழை. முதல் பாதியிலேயே மூலையிலிருந்து உயரமாக ஒரு பந்து வந்தது. தாவி, தலைக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்தேன். "அவுட்!" என்று கத்திக்கொண்டே, ஸ்லிப்பில் நிற்பவளிடம் கொடுப்பதுபோல, பக்கத்தில் நின்றவளிடம் பந்தைத் தூக்கிப் போட்டேன். அவள் எதிரணிக்காரி. ஒரு கணம் திகைத்துப்போனாள். பிறகு நிதானமாகக் கோலுக்குள் தட்டிவிட்டாள். அந்த ஒரு கோலில் தோற்றோம்.

திரும்பும்போது கேப்டனின் வேனில் கையுறைச் சேற்றைச் சுரண்டிக்கொண்டே வந்தேன். என் வீட்டு வாசலில் வேனை நிறுத்தியதும் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பிடிச்ச பிடி வடிவான பிடி. குடுத்ததுதான் பிழையான ஆளுக்கு. வாற சனியும் இதே நேரம் வெளிக்கிட்டு நில்லுங்கோ."

அடுத்த சனிக்கிழமையும் போனேன். அணியில் சமோவாத் தீவுக்காரப் பெண் ஒருத்தி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று முதலில் சொன்னவள் அவள்தான். அந்தக் குளிர்காலத்திலேயே எனக்கு வேலை கிடைத்தது. ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று கணவரிடம் நச்சரிப்பதை எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே நினைவில்லை.

மூன்றாம் வருடம் நான் கர்ப்பமானேன். வேறு கோல்கீப்பரைத் தேடிக்கொள்ளும்படி கேப்டனிடம் சொன்னேன்.

"ஏன் தேட வேணும்? நீங்கள் திரும்பி வாற வரைக்கும் கோலுக்கு நான் நிக்கிறன்."

முன்னால் ஓடி கோல் போடுகிறவர் அவர். பந்து பிடிக்க அவருக்குச் சுத்தமாக வராது. அந்த சீசன் முழுக்கக் கோலில் நின்று, வாரந்தவறாமல் கோல் வாங்கினார். மைதானத்தின் ஓரத்தில் எனக்கு ஒரு மடக்கு நாற்காலி போட்டிருப்பார்கள். போர்வையைப் போர்த்திக்கொண்டு, "அக்கா, இடதுபக்கம்!" என்று தொண்டை வறளக் கத்துவேன்.

"ஓம், ஓம்!" என்று வலதுபக்கம் பாய்வார்.