ரிப்போர்ட் நல்லா இருக்கு

என் அக்கா பதினாறு வருடம் பள்ளி வேன் ஓட்டினாள். தெருவில் அவளுக்கு ‘ஹாரன்’ என்று பெயர். வண்டியின் ஹாரன் கெட்டுப்போன ஒரு மாதம், தலையை வெளியே நீட்டிக் கத்தியே வழி வாங்கினாள். சாப்பாட்டிலும் குறை வைக்க மாட்டாள். என் தட்டில் மிச்சம் கிடந்தாலும் இழுத்துக்கொள்வாள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் நாலு வாய் சாப்பிட்டதும் தட்டைத் தள்ளினாள். "வயிறு ரொம்பிடுச்சுடி."

"என்ன, டயட்டா? இந்த வயசுல யாரை மயக்கப் போற?" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

வழக்கமாகப் போகும் டாக்டர் அவளை நிமிர்ந்து பார்க்காமலே எழுதினார். முதல் மாதம் கேஸ் என்றார், அடுத்த மாதம் டென்ஷன். "பொம்பளைங்களுக்கு இந்த வயசுல இதெல்லாம் வரும்மா." ஐந்து மாதம் மாத்திரை விழுங்கினாள். உடைகள் இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்திக்கொண்டு வண்டி ஓட்டினாள்.

அவளே சண்டை போட்டுத்தான் எண்டோஸ்கோப்பிக்கு எழுதி வாங்கினாள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உள்ளே லேசான புண். கிள்ளியெடுத்த ஆறு துணுக்கிலும் புற்றுநோய் இல்லை. அவள் கணவர், எங்கள் மாமாவுக்கு, போன உயிர் திரும்பி வந்தது.

அக்கா மட்டும் நம்பவில்லை. "உள்ள என்னமோ இருக்குடி."

"ரிப்போர்ட்டே நல்லா இருக்குன்னு சொல்லுது. நீதான் இல்லேன்னு அடம் பிடிக்கிற!" என்று எரிந்து விழுந்தேன்.

டாக்டர் மனநல ஆலோசகருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். யாருக்கும் அடங்காதவள், வாயை மூடிக்கொண்டு அங்கேயும் போனாள்.

பதினாலு கிலோ குறைந்த பிறகு, பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு பள்ளி வாசலில் மயங்கி விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி குழாய் விட்டார்கள். அங்கிருந்த பெண் டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: "காத்து விட்டா வயிறு நல்லா விரியணும். இவங்களுக்கு விரியவே இல்ல." ஸ்கேனில் வயிற்றின் சுவர் தடித்திருந்தது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கிள்ளி ஆழத்திலிருந்து சதை எடுத்தார்கள். அதில் இருந்தது.

"இந்த வகை கட்டியா வளராது. உள்தோலுக்கு அடியிலயே சுவர் முழுக்கப் பரவும். மேலோட்டமா எடுத்தா பல தடவை சிக்காது."

வயிற்றையும் தாண்டிவிட்டதாம். அறுவை சிகிச்சை செய்து பயனில்லை என்றார்.

மறுவாரம் அக்கா பழைய டாக்டரின் மேஜையில் ஃபைலைப் போட்டாள். அவர் புரட்டிப் பார்த்தார்.

"கண்டுபிடிக்கிறது கஷ்டம்தாம்மா. ரிப்போர்ட்ல இல்லாததை நான் எப்படிப் பார்க்க முடியும்?"

"ரிப்போர்ட்ல இல்ல டாக்டர். எதிர்ல நான் உட்கார்ந்திருந்தேனே! மாசாமாசம் பாதியாகிக்கிட்டு உட்கார்ந்திருந்தேனே! எடை மெஷின் உங்க வாசல்லதான கிடக்கு?"

வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னொரு தடவை பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கணும். தப்புதான்."

ஒப்புக்கொண்டால் மனசு ஆறும் என்று நினைத்திருந்தேன். இன்னும்தான் பற்றி எரிந்தது. பத்து நாள் கழித்து அவரே போன் செய்து, மற்ற டாக்டர்களிடம் காட்ட அந்த ஃபைலின் நகல் கேட்டார்.

"அந்த ஆளுக்கு எதுக்குடி குடுக்கணும்?" என்று ஃபைலைக் கட்டிலில் விசிறினேன். தங்கை நான் அக்காவை ‘டி’ போட்டது அதுதான் முதல் தடவை.

"கத்தாத. அதே நாற்காலியில நாளைக்கு இன்னொருத்தி வந்து உட்காருவா. நான் மன்னிச்சிட்டேன்னு மட்டும் நினைச்சுக்காத. குடு."

மாமாவின் ஜெராக்ஸ் கடையில் நானே நின்று பக்கம் பக்கமாக எடுத்தேன். வாங்கிக்கொண்ட டாக்டர் ஏதோ சொல்ல வந்தார். நான் நிற்கவில்லை.

அக்கா ஏழு மாதம் இருந்தாள். துக்கத்துக்கு வந்த ஒருவர், "கொஞ்சம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா..." என்று இழுத்தார்.

"அவளுக்கு முன்னாடியே தெரியும்! நாமதான் நம்பல!" என்று கத்தினேன். மாமா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.