டாக்டர் என்னிடம் மறைக்காதது

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓணம் முடிந்த வாரம். திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு என் கணவருடன் போயிருந்தேன். அதே ஊரில், சாலை பஜாரில் எங்களுக்குச் சின்ன ஜவுளிக்கடை. இதயம் பலவீனமாகி, சில வருடங்களாகவே மாத்திரையில்தான் அவர் நடமாடிக்கொண்டிருந்தார். கால் வீக்கம் வடிந்திருந்ததால் அந்தத் தடவை இருவருமே தெம்பாகத்தான் இருந்தோம்.

டாக்டர் ஓர் இளம் மலையாளிப் பெண். பழைய ஈ.சி.ஜி.யையும் அன்று எடுத்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தவரின் முகம் மாறியது. என் கணவர் அதைக் கவனித்துவிட்டார்.

"நீ போயி மருந்து வாங்கிட்டு வா" என்று என்னை எழுப்பினார். கதவுவரை போய்விட்டேன்.

"சேச்சி, இருங்க" என்றார் டாக்டர். பிறகு அவரிடம், "வீட்டிலயும் கடையிலயும் கூட இருக்கது இவங்கதானே? இவங்களும் அறியணும்" என்றார்.

காகிதத்தில் ஓர் அலையைக் காட்டினார். முன்பு ஒடுக்கமாக இருந்தது இப்போது அகன்றிருந்தது. இதயத்தின் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சுருங்கவில்லை என்று அர்த்தமாம். இப்படி ஆனவர்களுக்கு நோய் சீக்கிரம் முற்றலாம், சிலருக்கு இதயம் திடீரென்று நின்றும் போகலாம் என்றார்.

"இவருக்கு எப்படி டாக்டர்?" என்று கேட்டேன்.

"இவர மாதிரி உள்ளவங்களப் பத்தித்தான் இது சொல்லும் சேச்சி. இவருக்கு என்னிக்கு, என்னன்னு சொல்லாது."

நெஞ்சில், இதயத்துடிப்பைச் சீராக்கும் ஒரு கருவி பொருத்த அடுத்த வாரம் நாள் குறித்தார். அதற்குள் ஏதாவது ஆனால் என்ன செய்வதென்று, ஒரு நர்ஸை அழைத்து பயிற்சிப் பொம்மையின் மார்பில் அழுத்த எனக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். நான் எண்ணி எண்ணி அழுத்திப் பார்த்தேன். என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆட்டோவில் வரும்போது, "ஒனக்குத் தெரியாண்டாம்னு நெனச்சேன்" என்றார்.

குறித்த நாள் வருவதற்குள், ஒரு மதியம், புடவை மடித்துக்கொண்டிருந்தவர் கடையிலேயே சரிந்து விழுந்தார். கூப்பிட்டேன், அசைவில்லை, மூச்சும் இல்லை. மண்டியிட்டு மார்பை அழுத்த ஆரம்பித்தேன். பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்க அக்கா, நெஞ்சு ஒடஞ்சிரும்!"

"ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க!" என்று கத்தினேன். கையை எடுக்கவில்லை. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் மின்அதிர்ச்சி கொடுக்க என்னை விலக்கும்வரை எடுக்கவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் விழித்து அவர் முதலில் கேட்டது, "நெஞ்செல்லாம் வலிக்கு. நீயா இப்பிடி அமுக்குன?" என்பதுதான். அழுதுகொண்டே தலையாட்டினேன்.

கருவி பொருத்தினார்கள். அதன்பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் இருந்தார். அந்த நாட்களில் நாங்கள் ஒருவரிடம் ஒருவர் எதையும் ஒளிக்கவில்லை. கடையை என்ன செய்வது, அவருக்குப் பிறகு நான் எங்கே இருப்பது, எல்லாம் பேசினோம். பயமாக இருந்த நாளில் "பயமா இருக்கு" என்றே சொன்னார். போன மழைக்காலத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், என் கையைப் பிடித்தபடி போனார்.

முன்கூட்டியே தெரிந்திருந்ததால் என் அழுகை ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் அந்தப் பயத்தை அவர் தனியாகச் சுமக்கவில்லை என்பதுதான் இன்றும் எனக்கு மிஞ்சியிருக்கும் ஆறுதல்.