நாலு உரிமம், இரண்டு துவக்கு

அத்தான். என் கணவரின் தமையன். வான் அவருடையது, ஓட்டியதும் அவர்.

என் கணவர். முன் இருக்கையில்.

ரஞ்சி அக்கா. அத்தானின் மனைவி. பின் இருக்கையில். கந்தசஷ்டி விரதம் என்பதால் மடியில் சுடுதண்ணீர்ப் போத்தல் மட்டும்.

நான், விஜி. அக்காவுக்குப் பக்கத்தில்.

நாலு பேர் பெயரிலும் மான் வேட்டை உரிமம் இருந்தது. துவக்கு இரண்டு. வேட்டைக்காரர் கட்டாயம் போட வேண்டிய செம்மஞ்சள் அங்கியும் இரண்டு என்றுதான் அத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது என் பைக்குள் இருந்தது. பதினெட்டு டொலர் கொடுத்து நானே வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை, பிற்பகல் 1.20

கர்க்லாண்டில் அத்தான் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டோம். 13ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறி, 50இல் மேற்கே திரும்பினோம். மொன்டபெல்லோ வரை நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர். அங்கிருந்து வடக்கே இன்னும் இருபத்திரண்டு. கடைசி ஆறு கிலோமீட்டர் கல்லு ரோடு. ஒரு விவசாயியின் காணிக்குள் மரவீடு. இரண்டு இரவுக்கு 260 டொலர்.

போகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே ஒருவருக்கு ஒரு மான்தான். உரிமத்தோடு ஒரு சீட்டுத் தருவார்கள். மானை விழுத்தியவர் அந்த இடத்திலேயே தன் சீட்டை அதில் கட்ட வேண்டும். கட்டிவிட்டால் அவருக்கு அந்த வருடம் முடிந்தது. அதனால் சில ஆண்கள் மனைவிமாரையும் உரிம வகுப்புக்கு அனுப்புவார்கள். மனைவி பெயரில் ஒரு சீட்டு, அதில் இன்னொரு மான். இது அத்தான் கண்டுபிடித்த வழியில்லை. வகுப்பில் வெள்ளைக்காரரும் இதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

என்னையும் அதற்குத்தான் அனுப்பினார். "சும்மா போய் இருந்து சோதனையை எழுதும். மற்றதை நாங்கள் பாப்பம்" என்றார். நான் எட்டாம் வகுப்பு வரைதான். சோதனை பிரெஞ்சில். முதல் முறை பெயிலானேன். இரண்டாம் முறை பாஸ். அதற்குப் பிறகு எனக்கு விடமுடியவில்லை. இவ்வளவு பாடுபட்டுப் படித்தது இன்னொருவர் சுடவா?

பெண்களுக்கென்று ஒரு நாள் பயிற்சி நடந்தது. எட்டுப் பேர் வந்திருந்தோம். ஒருத்தி தாதி, ஒருத்தி பஸ் ஓட்டுபவள். ஊரில் போர்க்காலத்தில் வளர்ந்த எனக்குத் துவக்குச் சத்தம் புதிதில்லை. ஆனால் அதுவரை மறுபக்கத்தில்தான் இருந்திருக்கிறேன். முதல் வெடியில் துவக்குப் பிடி கன்னத்தில் அடித்து நீலம் பாரித்தது. பஸ் ஓட்டுபவள் பார்த்துவிட்டு, "எனக்கும்தான்" என்று தன் கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள். பின்னேரம் ஐந்து வெடியில் நாலு, சாப்பாட்டுக் கோப்பை அளவு வட்டத்துக்குள் விழுந்தது. வேலைத்தலத்தில் கன்னத்தைப் பார்த்துக் கேட்டவர்களுக்குக் குளிர்அறைக் கதவில் முட்டியது என்றேன். நான் ஜான்-டலோன் சந்தையில் ஓர் இறைச்சிக்கடையில் வெட்டுகிறேன். பதினோரு வருடம். தோல் உரித்த மிருகம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

2.40. வழியில் ஒரு டெப்பனர், நம்முடைய மூலைக்கடை மாதிரி. கோப்பி 2 டொலர் 10 சதம். ஏறும்போது அத்தான் கையை நீட்டினார்.

"ரெண்டு பேரும் உங்கடை உரிமங்களைத் தாங்கோ. நான் வைச்சிருக்கிறன். துலைச்சுப் போடுவியள்."

அக்கா கொடுத்தார். நானும் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று மிச்ச வழி முழுக்க எனக்கே என்மேல் ஆத்திரம். அவர் அவற்றை முன் இருக்கைக்கு எதிரே உள்ள பெட்டியில் போட்டு மூடினார். இவர், என் கணவர், ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை 6.00

மரவீட்டில் அடுப்பு, நாலு கட்டில், ஒரு மேசை. அத்தான் மேசையில் துவாய் விரித்து இரண்டு துவக்கையும் வைத்தார். விபூதி, சந்தனம், குங்குமம். தேசிக்காய் வெட்டினார். ஒரு கட்டு ஊதுபத்தி கொளுத்தினார். புது வான் வாங்கினபோது செய்த அதே பூசை. அங்கிகள் கதிரையில் தொங்கின. புகை முழுவதும் அதில்தான்.

"அத்தான், மானுக்கு மூக்குத்தான் கண். இந்த மணம் கூடாதெண்டு வகுப்பிலை சொன்னவை" என்றேன். நான் மூன்று நாளாகத் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. உடுப்பை அப்பச் சோடா போட்டு அலசியிருந்தேன்.

"முருகன்ரை வாசத்துக்கு மான் ஓடுமே? வள்ளியே மான் வயித்திலை பிறந்தவள்."

அக்கா சுடுதண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார். "வளத்தது வேடர். அவளுக்கும் அம்பு எய்யத் தெரிஞ்சிருக்கும். ஒருத்தரும் அதைக் கேக்கிறேல்லை."

அத்தான் அக்காவைப் பார்த்தார். "விரதக்காரிக்கு என்ன இவ்வளவு கதை?"

சனிக்கிழமை, காலை 5.30

ஆண்கள் இருவரும் துவக்குகளோடு வெளிக்கிட்டார்கள். நான் சப்பாத்துப் போட்டு, என் அங்கியை மாட்டிக்கொண்டு நின்றேன்.

அத்தான் சிரித்தார். "இது எங்கையாலை?"

"வாங்கினனான். நான் எப்ப போறது?"

"நீர் பேந்து போகலாம். முதல் நாங்கள் ஒண்டைப் போடுவம். பத்து மணிக்குப் புட்டு இருந்தாக் காணும்."

புட்டு அவித்தேன். மாவை அடித்துக் குழைத்ததில் கை நொந்தது. அவ்வளவு கோபம்.

பதினொரு மணிக்கு வெறுங்கையோடு வந்தார்கள். வெங்காயம் வதக்கின மணத்துக்குத்தான் மான் வரவில்லை என்றார் அத்தான். நாங்கள் இருவரும் சிரித்த சத்தம் காடு முழுக்கக் கேட்டதாம். நாங்கள் சிரிக்கவே இல்லை.

12.15. காணிக்காரர் விறகு கொண்டுவந்து இறக்கினார். எழுபது வயதிருக்கும். அத்தானின் அங்கிக்குக் கிட்டப் போய் மணந்து பார்த்தார்.

"கோயிலுக்குப் போய்விட்டு வந்தாயா?" என்று பிரெஞ்சில் கேட்டார். "இந்த மணத்தோடு உட்கார்ந்தால் ஒட்டாவா வரைக்கும் ஒரு மான் மிஞ்சாது."

பிறகு என் அங்கியைப் பார்த்தார். "நீ எங்கே உட்காருகிறாய்?"

"அடுப்படியில்."

அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் கையைக் காட்டினார். முந்நூறு மீட்டரில் ஒரு குளம், பீவர் என்ற நீரெலி அணை கட்டி உண்டாக்கினது. அதன் மேற்குக் கரையில் ஒரு விழுந்த மரம். மானின் புதுக் குளம்புத் தடம் இருக்கிறது, அந்தப் பக்கம் ஒருவரும் போகவில்லை என்றார். அத்தானுக்கும் கேட்டது. "கிழவன் சும்மா அளக்கிறான்" என்று தமிழில் சொன்னார்.

பின்னேரமும் போனார்கள், வெறுங்கையோடு வந்தார்கள். என் கணவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. அத்தான் கைப்பேசியில் யாருக்கோ, "நாளைக்கு வாறம், உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 5.40

கடைசி நாள். பத்தரைக்கு வீட்டை விட வேண்டும். அத்தான் தனியே கிழக்குப் பக்கம் போனார். இவர் காலை நீட்டிக்கொண்டு கட்டிலில் இருந்தார். அவருடைய துவக்கு பூட்டின பெட்டிக்குள்.

"திறப்பைத் தாங்கோ" என்றேன்.

"அண்ணை பேசுவார்."

"பேசட்டும்."

"தனியப் போறீரோ?"

"நீங்கள் வரேலாது. வேறை ஆர் இருக்கினம்?"

இவர் தலையணைக்குக் கீழிருந்து திறப்பை எடுத்துத் தந்தார். "முதல் பூட்டு இறுகும். இடப்பக்கம் திருப்பும்" என்றார். 

வானுக்குப் போய் முன்பெட்டியைத் திறந்தேன். என் உரிமத்தைச் சீட்டோடு எடுத்தேன். அக்கா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றார்.

"விஜி, என்ரையையும் எடு."

"உங்களுக்கு என்னத்துக்கு அக்கா?"

"என்ரை பேர் போட்டிருக்கு."

கொண்டுபோய்க் கொடுத்தேன். கவசப் புத்தகத்துக்குள் வைத்து மூடினார். உள்ளே போய்விட்டார்.

6.25. விழுந்த மரம் கிழவர் சொன்ன இடத்தில் இருந்தது. குளத்தின் ஓரம் மெல்லிய ஐஸ். காற்று என் முகத்துக்கு எதிரே வந்தது, நல்லது. குளிரில் கால்விரல் செத்துவிட்டது. கோபத்தோடு அசையாமல் இருப்பது பெரிய வேலை. அத்தானைப் பேச வேண்டியதெல்லாம் வாய்க்குள் பேசி முடித்தேன். முடிந்த பிறகுதான் மனம் அடங்கியது. பிறகு பறவைகளைக் கேட்டேன்.

8.05. ஒரு பெட்டை மான் தண்ணீருக்கு வந்தது. பெட்டையைச் சுட என் உரிமத்தில் அனுமதி இல்லை. பார்த்துக்கொண்டிருந்தேன். அது போயிற்று. பதினைந்து நிமிடத்தில் அதே தடத்தில் ஒரு கிடாய். கொம்பில் ஆறு முனை. அறுபது மீட்டர் இருக்கும். பக்கவாட்டில் நின்றது. நெஞ்சு அடித்ததில் துவக்கு முனை ஆடியது. மூச்சைப் பாதி விட்டேன். முன்னங்காலுக்குப் பின்னால் குறி வைத்தேன். அமத்தினேன்.

இருபது அடி ஓடி விழுந்தது.

போய்ப் பக்கத்தில் நின்றேன். கண் திறந்திருந்தது. பதினோரு வருடத்தில் என் கைக்கு வந்த எதற்கும் கண் இருந்ததில்லை.  பிறகு குளிரில் விறைத்த கையால் சீட்டைக் கொம்பில் கட்டினேன். மூன்று முடிச்சு.

வெடிச் சத்தத்துக்கு அத்தான் ஓடிவந்தார். பின்னால் இவர், ஒரு தடியை ஊன்றிக்கொண்டு. அத்தானின் முகம் மலர்ந்தது.

"அட! தம்பி போட்டதோ?"

"நான் போட்டது" என்றேன்.

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. பிறகு சீட்டைக் கண்டார்.

"சரி, நல்லது. அதைக் கழட்டும். என்ரையைக் கட்டுவம். நான் போட்டதெண்டு பதிஞ்சா ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்."

"கழட்டேலாது."

"ஆர் பாக்கப் போகினம் இந்தக் காட்டுக்கை?"

"நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

"விஜி, விசர்க்கதை கதையாதை. வகுப்புக்குக் காசு கட்டினது ஆர்? வான் ஆற்றை? நாலு பேருக்கு இறைச்சி சொல்லிப்போட்டன். என்னண்டு சொல்லுறது, தம்பி பெஞ்சாதி சுட்டதெண்டே?"

"ஓம். அப்பிடித்தான் சொல்லோணும்."

அத்தான் இவர் பக்கம் திரும்பினார். "தம்பி, நீயாவது சொல்லன். கத்தியைத் தரச் சொல்லு, நான் அறுக்கிறன்."

கத்தி என் கையில் இருந்தது. கடைக் கத்தி, ஆறு அங்குலம். நான் கொடுக்கவில்லை. இவர் தடியைக் கீழே போட்டார். நொண்டிக்கொண்டு வந்து மானின் பின்னங்காலைப் பிடித்தார்.

"அண்ணை, விடுங்கோ. அவள் வெட்டட்டும்."

பதினேழு வருடக் கலியாணத்தில் தமையனுக்கு எதிராக அவர் சொன்ன முதல் வசனம் அது. நான் அவரைப் பார்க்கவில்லை. 

வயிற்றைக் கீறினேன். ஆவி எழும்பியது. குடலில் கத்தி படாமல் எல்லாவற்றையும் ஒரே இழுவையில் வெளியே எடுத்தேன். இருபது நிமிடம். இது எனக்குத் தெரிந்த வேலை. அத்தான் ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டு பார்த்தார். ஊதுபத்தி மணம் அங்கேயும் வந்தது. இவரும் நானும் கயிறு கட்டி இழுத்தோம். ஒரு முந்நூறு மீட்டருக்கு ஒரு மணித்தியாலம். பாதி வழியில் அத்தானும் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

11.10. பதினான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம். அங்கே பெற்றோல் நிலையத்தோடு சேர்ந்த கடையில்தான் சுட்ட மானைச் சட்டப்படி பதிய வேண்டும். வானை நிறுத்தியதும் அத்தான் கதவைத் திறந்தார்.

"எல்லாரும் இருங்கோ. நான் போய்ப் பதிஞ்சுபோட்டு வாறன்."

"நான் வாறன்" என்று இறங்கினேன். மறுபக்கத்தால் அக்காவும் இறங்கினார்.

"நீ எங்கை போறாய்?"

"கடைக்கு" என்றார் அக்கா.

அத்தான் வானோடு நின்றுவிட்டார். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. இதை எழுதும்போதும் ஆறவில்லை.

கல்லாவில் ஒரு பெண், அறுபது வயது, கழுத்தில் கண்ணாடி தொங்கியது. வெளியே வந்து மானைப் பார்த்தாள். கொம்பு முனைகளை எண்ணினாள். சீட்டையும் என் உரிமத்தையும் சேர்த்துப் பார்த்தாள். உள்ளே போய்ப் பதிவுக் கொப்பியைத் திறந்து என் பெயரை எழுதினாள். என் பிரெஞ்சு சந்தைப் பிரெஞ்சு. அவள் மெதுவாகப் பேசினாள்.

"யார் சுட்டது?"

"நான்."

"எத்தனை மணிக்கு?"

"எட்டு இருபது."

"எங்கே உட்கார்ந்திருந்தாய்?"

சொன்னேன். காற்று எந்தப் பக்கம் என்றும் கேட்டாள். அதையும் சொன்னேன். அவள் பேனையைக் கீழே வைத்தாள்.

"கோபிக்காதே. எல்லோரையும் இவ்வளவு கேட்பதில்லை. பெண் பெயரில் சீட்டு வந்தால் கேட்பேன். இந்தப் பருவத்தில் இதுவரை பதினேழு வந்திருக்கிறது. கணவன் வருவான், அண்ணன் வருவான். அவள் எங்கே என்றால் காரில் இருக்கிறாள் என்பார்கள். ஜன்னலால் எட்டிப் பார்ப்பேன். சில காரில் ஆளே இராது."

அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்றார். அவருக்குப் பிரெஞ்சு என்னைவிட நன்றாக விளங்கும். அவரே கேட்டார்.

"அப்ப, சுட்ட பெண்ணே இந்தக் கதவால் உள்ளே வந்தது எத்தனை?"

அந்தப் பெண் கண்ணாடியைப் போட்டாள். கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டி, விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டு வந்தாள். கடைசியாக என் பெயரில் விரல் நின்றது.

"மூன்று."