தப்புக்கு ஒரு வண்டு

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், முப்பத்து நான்கு வருடம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று நோட்டில் எழுதுவது அவர் வேலை. ஒரு பஸ்ஸும் அவர் சொல்லி நேரத்துக்கு வந்ததில்லை. அது அவர் குற்றமும் இல்லை. ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் மனிதர் ஓவியராகிவிட்டார். அதற்கு ஒரே ஒரு சனிக்கிழமை போதுமாக இருந்தது.

நூலகத்து மாடியில் ஒருநாள் வகுப்பு நடந்தது. வீட்டுச் சாமான்களில் பூ வரைவது எப்படி என்று சொல்லித் தருகிறார்களாம். படிப்பு வேண்டாம், திறமை வேண்டாம், கை நடுங்கினாலும் கவலை வேண்டாம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. அதை வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தவளே என் அக்காதான். குழாய் சொட்டுவதற்கெல்லாம் நேரம் குறித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவரைப் பகலில் எங்கேயாவது தள்ளிவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறோம் என்று அப்போது தெரியவில்லை, பாவம்.

வித்தை பெரிதாக ஒன்றுமில்லை. தட்டையான பிரஷ்ஷின் ஒரு மூலையில் சிவப்பு, மறு மூலையில் வெள்ளை. அழுத்தி, வளைத்து, தூக்கினால் ஒரு இதழ் வந்துவிடும். அப்படி ஐந்து இழுத்தால் பூ. பெயிண்ட் பிடிக்க வேண்டுமானால் முதலில் உப்புத்தாள் போட்டுச் சாமானை நன்றாகத் தேய்க்க வேண்டும் என்று டீச்சர் சொன்னாராம். வரையும்போது தப்பாகிவிட்டால் அழிக்கவே வேண்டாம். தப்பின் மேலேயே சிவப்பாக ஒரு வண்டு போட்டு, நாலு கரும்புள்ளி வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்றும் சொன்னாராம். அந்த டீச்சரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. பார்த்தால் கேட்பதற்கு இரண்டு வார்த்தை வைத்திருக்கிறேன்.

பக்கெட்டில் ஆரம்பித்தது. பிறகு குவளை, தட்டு, ஸ்விட்ச் போர்டு, தபால் பெட்டி. கேஸ் சிலிண்டரையும் விடவில்லை. அதை மாற்ற வந்தவன் பூப்போட்ட சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனபோது, அத்தான் தெருமுனை வரை பின்னாலேயே போய், வெயிலில் வைக்காதே என்று சொல்லிவிட்டு வந்தார். சுவர்க் கடிகாரத்தின் முகத்தில் பூவாகப் போட்டதில் எண்கள் காணாமல் போயின. ஆயுசெல்லாம் நேரம் பார்த்தே சம்பளம் வாங்கியவர், மணி பார்க்க எதிர் வீட்டுக்கு, என்னிடம் வர வேண்டியதாயிற்று.

அவசரத்துக்கென்று டீச்சர் சொன்ன வண்டு, அந்த வீட்டில் குடும்பமே நடத்த ஆரம்பித்தது. பக்கெட்டில் மட்டும் பதினொரு வண்டு எண்ணினேன். அக்கம்பக்கத்தார் வாய் நிறையப் பாராட்டிவிட்டுப் போய், தங்கள் சாமான்களை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் பொய் சொல்லக் கூடாது. அத்தான் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒரு தெளிவு வந்திருந்தது. எனக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

அக்கா எதையும் தடுக்கவில்லை. ஒரே ஒரு சாமானை மட்டும் தொட வேண்டாம் என்றாள். அது அவளுடைய அலுமினிய சாப்பாட்டு டப்பா. சீருடை தைக்கும் கம்பெனியில் துணி வெட்டும் வேலைக்கு முப்பத்தோரு வருடமாகப் போகிறாள்; முதல் நாளிலிருந்து அந்த டப்பாதான். வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய நாள் எங்கள் அப்பா அதைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, ஆணியால் அடியில் அவள் பெயரைக் கீறினார். கோணல்மாணலான எழுத்து. கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் விளிம்பில் ஏறி நிற்கும். அப்பா போய் வெகுகாலமாகிறது. அவர் கையெழுத்து என்று எங்கள் இருவருக்கும் மிஞ்சியது அது ஒன்றுதான். இதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று அக்கா சொன்னதும், அத்தான் பலமாகத் தலையாட்டினார்.

போன மாதம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்துவிட்டாள். டப்பா சமையலறையில் சும்மா இருந்தது. வீட்டில் எல்லாவற்றிலும் பூ இருக்கும்போது அவளுடைய டப்பா மட்டும் மொட்டையாக இருக்கிறதே, வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் வேண்டாம் என்றிருப்பாள் என்று இவராக நினைத்துக்கொண்டார். நாலாம் நாள் காலை அக்கா வேலைக்குக் கிளம்பும்போது, என்னையும் கூப்பிட்டு நிறுத்திவைத்து, டப்பாவை நீட்டினார். நீலத்தில் வெள்ளைப் பூக்கள். ஒரு வண்டுகூட இல்லை. உள்ளதைச் சொன்னால், அழகாகத்தான் இருந்தது.

அக்கா அதைத் திருப்பினாள். அடியும் நீலமாக, வழவழவென்று இருந்தது.

"அடியில ஒரே கீறலா இருந்துச்சு," என்றார் அத்தான், பெருமையாக. "ரெண்டு நாள் உக்காந்து தேச்சேன். தடவிப் பாரு, ஒண்ணுமே தெரியாது."

"அது கீறல் இல்லீங்க," என்றாள் அக்கா. "எங்கப்பா எழுதுன பேரு."

நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். கண்ணாடி போடாமல் தேய்த்தேன், எழுத்தென்று தெரியாது என்று அவர் முனகினார். இருக்கலாம். ஆனால் முப்பத்தோரு வருடத்தில் ஒருநாளாவது அந்த டப்பாவைக் கழுவியிருந்தால் அதன் அடி எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கும். அதையும் சொன்னேன். சொல்லி என்ன, போன எழுத்து போனதுதான்.

அக்கா கத்தவில்லை. அவருடைய மேஜைக்குப் போய் பிரஷ்ஷை எடுத்தாள். சுவரில் அவர்களுடைய கல்யாண போட்டோ மாட்டியிருந்தது. அதன் கண்ணாடி மேல், மாப்பிள்ளை முகத்தை மறைத்துச் சிவப்பாக ஒரு வண்டு போட்டாள். நிதானமாக நாலு கரும்புள்ளியும் வைத்தாள்.

"தப்பாயிட்டா அழிக்க வேணாம்னுதானே உங்க டீச்சர் சொன்னாங்க," என்று சொல்லிவிட்டு, சோற்றை ஒரு பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

வண்டு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. ஈரத்துணியால் ஒரு துடைப்பு துடைத்தால் போய்விடும், அவர் துடைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அக்கா அந்த நீல டப்பாவையே எடுத்துப் போக ஆரம்பித்தாள். சாயங்காலம் அவள் வந்ததும் அதை வாங்கிக் கழுவுவது இப்போது அத்தான்தான். கழுவி முடித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டப்பாவைத் திருப்பி அடியைத் தடவிப் பார்க்கிறார். நன்றாகத்தான் தேய்த்திருக்கிறார். ஒன்றுமே தெரியவில்லை.