சொக்கம்மாள் போய்வரக்கூடிய தூரம்

காலடிப்பேட்டையில் ஒரே சுவரை ஒட்டிக் கட்டிய ஏழு வீடுகளில் கடைசி வீடு சொக்கம்மாளுடையது. பிறந்தது எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பத்தில். கல்யாணமான பிறகும் விடியுமுன் எண்ணூர் போய் நண்டு வாங்கி வந்து, திருவொற்றியூர்த் தெருக்களில் கூவி விற்பாள். கூடை காலியாகும்வரை வீடு திரும்பமாட்டாள்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில் அது நின்றது. துறைமுகத்தில் ஒரு கப்பலின் அடித்தட்டில் அரிசி மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் சுப்பராயன்மேல் அடுக்கு சரிந்து விழுந்தது. முதுகெலும்பு முறிந்தது. ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது இடுப்புக்குக் கீழே அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. மூத்திரம் தானாக இறங்காது. தொப்புளுக்குக் கீழே துளை போட்டுச் சிவப்பு ரப்பர் குழாய் ஒன்றைச் செருகியிருந்தார்கள். மறுமுனை கட்டிலுக்கடியில் இருந்த கண்ணாடி பாட்டிலில் கிடந்தது.

மிஷன் டிஸ்பென்சரியிலிருந்து வியாழக்கிழமைதோறும் அடைக்கலமேரி என்ற நர்ஸ் வருவார். குழாய் மாற்றுவது அவர் வேலை. மற்ற நாளெல்லாம் சொக்கம்மாள்தான் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவு. தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆறவை. கண்ணாடிப் பீச்சாங்குழலில் அதை எடுத்து மெதுவாக உள்ளே விட்டு, கலங்கலைத் திரும்ப எடு. பாட்டில் எப்போதும் வயிற்றுக்குக் கீழேயே இருக்கவேண்டும், மேலே தூக்காதே. இத்தனையையும் அவள் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள்.

கற்றுக்கொண்டதுதான் வினை. குழாய்க்குள் மணல் மாதிரி உப்பு படியும். எப்போது அடைக்கும் என்று சொல்லமுடியாது. அடைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் கழுவிவிடவேண்டும். ஆகவே ஒரு மணி நேரத்தில் போய்த் திரும்பக்கூடிய தூரம் எதுவோ அதுவே அவள் உலகம் ஆனது. தண்ணீர்க் குழாயடி, விறகுக்கடை, கோயில் குளம். அதற்கு அப்பால் பஸ் போவதை நின்று பார்ப்பாள். அம்மா செத்தபோது நெட்டுக்குப்பம் போய், முகத்தைப் பார்த்துவிட்டு, எடுப்பதற்கு முன்பே திரும்பி வந்தாள்.

இப்படி மூன்று வருஷம்.

ஒரு ஆடி மாதத்து மத்தியானம் விறகு வாங்கப் போனவள் விறகுக்கடையைத் தாண்டி நடந்தாள். எண்ணூர் பஸ் வந்தது. ஏறிவிட்டாள். முகத்துவாரத்தில் இறங்கி மணலில் உட்கார்ந்தாள். யாரையும் பார்க்கவில்லை, எதையும் யோசிக்கவில்லை. வலை உலர்த்துகிறவர்கள் இவளை யாரோ என்று கடந்து போனார்கள். வெயில் சாய்ந்ததும்தான் எழுந்தாள்.

வீட்டில் சுப்பராயன் வேர்வையில் ஊறிக் கிடந்தான். வயிறு குடம்போல் நின்றது. பாட்டிலில் ஒரு சொட்டு இல்லை. அவள் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, பீச்சிக் கழுவினாள். நாலாவது தடவைதான் அடைப்பு விட்டது. வந்தது ரத்தம் கலந்த நீர்.

வேர்வை அடங்கியதும் அவன் கேட்டான். "எங்க போன?"

"எங்கியும் இல்ல. விறகு வாங்க."

"கால்ல நெட்டுக்குப்பத்து மண்ணு கீது."

அவள் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். அவன் திட்டவில்லை. "நான் படுத்துகினு மாட்டிகினேன்மே. நீ நின்னுகினே மாட்டிகின," என்றான்.

அன்றிரவே அவனுக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. பென்சிலின் ஊசியில் ஒரு வாரத்துக்குப் பிறகு இறங்கியது.

அடுத்த வியாழக்கிழமை அடைக்கலமேரி நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டார். சொக்கம்மாளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து, "சுப்பராயன், இந்தக் காய்ச்சல் திரும்பவும் வரும். ஒரு தடவை ஊசிக்கும் கேட்காமப் போகும். அப்போ என்ன செய்யணும்னு நீங்க தெளிவா இருக்கும்போதே சொல்லிடுங்க. வந்த பிறகு ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க," என்றார்.

அவன் யோசிக்கவே இல்லை. "ஆஸ்பத்திரி வேணாம் சிஸ்டர். அஞ்சு மாசம் அந்த மேகூரைய பார்த்துகினு கிடந்தேன். இங்கயே பூடறேன். வலி மட்டும் கொறைச்சுவுடுங்க."

அவன் தம்பி கருணாகரனையும் அழைத்துவைத்துப் பேசினார்கள். அடைக்கலமேரி ஒரு தாளில் எழுதினார். குளிர் கண்டால் முதலில் யாருக்குச் சொல்லவேண்டும், ஊசி எத்தனை நாள், அதற்கும் கேட்காவிட்டால் வீட்டிலேயே வலிக்கு மருந்து. சுப்பராயன் ரேகை வைத்தான். கருணாகரன் கையெழுத்துப் போட்டான்.

"உனக்கு என்ன வேணும் சொக்கம்மா?" என்று நர்ஸ் கேட்டார்.

மூன்று வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. "வெளிய போவணும். நண்டுக் கூடைய தூக்கணும்," என்றாள்.

அடைக்கலமேரி சுப்பராயனின் கைகளைப் பார்த்தார். மூட்டை தூக்கிய கைகள். அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. குழாயோ வயிற்றில், அவன் கைக்கு எட்டுகிற இடத்தில். தலையணை வைத்து அவனை நிமிர்த்தி உட்காரவைத்து, பீச்சாங்குழலைக் கையில் கொடுத்தார். முதல் நாள் சிந்தினான். மூன்றாம் வாரம் ஆறின தண்ணீரும் சோப்பும் பக்கத்தில் வைத்துவிட்டால் தானே கழுவிக்கொண்டான்.

சொக்கம்மாளுக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. "இத்த மொதல் நாளே சொல்லியிருக்கலாமே சிஸ்டர்."

"எனக்குத் தோணலை. பொம்பளைதான் செய்யணும்னு நானும் நினைச்சுட்டேன். தப்புதான்."

அவள் மறுபடி நண்டு விற்கப் போனாள். ஆனால் காலைமட்டும்தான். கூவிக்கொண்டிருக்கும்போதே காது வீட்டுப் பக்கம் திரும்பும். பாதிக் கூடையோடு ஓடி வந்து பார்த்தால் அவன் சும்மா படுத்திருப்பான். "நல்லாத்தான் கீறேன், போ," என்பான். போகமாட்டாள்.

ஐம்பத்தாறாம் வருஷம் மாசியில் வந்த காய்ச்சல் நாலு நாள் ஊசிக்கும் இறங்கவில்லை. கருணாகரன் டாக்சியோடு வந்து நின்றான்.

"தூக்கு அண்ணி. ஆஸ்பத்திரில ரெண்டு பாட்டில் ஏத்துனா எழுந்துக்குவாரு."

"அவரு வேணாம்னு சொல்லிகீறாரு."

"அது அப்போ. இப்போ அவருக்கு இன்னா தெரியும்? நீ விடுதலையாவணும்னு பார்க்கிறியா?"

அந்தச் சொல் அவள் நெஞ்சில் நின்றது. ஏனென்றால் அதில் பாதி உண்மை. தூக்கிக்கொண்டு போகட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். போனால் யாரும் அவளைக் குறை சொல்லமாட்டார்கள். வாசலை மறித்து நின்றபடியே அவள் தாளை எடுத்து நீட்டினாள். "நான் படிக்கத் தெரியாதவ. நீ படி."

அவன் உரக்கப் படித்தான். தன் கையெழுத்து வரைக்கும் வந்து நிறுத்தினான். தாளைக் கட்டில்மேல் போட்டுவிட்டு, டாக்சியை அனுப்பிவிட்டுத் தெருமுனையில் போய் நின்றுகொண்டான்.

டிஸ்பென்சரி டாக்டர் எழுதிக் கொடுத்த வலி குறைக்கும் ஊசியை அடைக்கலமேரி வந்து போட்டார். மூன்றாம் நாள் மத்தியானம், சொக்கம்மாள் அவன் உதட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருக்கும்போது, சுப்பராயன் போனான்.

ஒரு மாதம் கழித்து, சாத்தாங்காட்டில் ஒருத்திக்கு இதே குழாய் வேலை கற்றுத்தர வருகிறாயா என்று நர்ஸ் கேட்டார். "வேணாம் சிஸ்டர். அந்த வாசன வேணாம்," என்றாள். இரண்டாம் தடவை கேட்டபோதும் அதையே சொன்னாள்.

கருணாகரன் இரண்டு வருஷம் அவளோடு பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். சோறு போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே குனிந்தபடி கேட்டான். "கடைசில கஷ்டப்பட்டாரா அண்ணி?"

"மொதல் நாள் பட்டாரு. ஊசி போட்டப்பறம் இல்ல."

அவன் தலையாட்டினான். அவள் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.