இரண்டாவது சிடியையும் சேர்த்துக் கொடுத்த கிரேஸ் அக்கா

போடி பஜாரில் சிடி கடை வைத்திருந்த கிரேஸ் அக்கா இன்று காலை தவறிவிட்டார். அவர் மகள் போன் செய்து சொன்னாள்.

2004, 2005 வாக்கில் போடியில் இருந்தவர்களுக்குத் தெரியும். எல்லாக் கடையிலும் புதுப்பட சிடி வாடகைக்குக் கிடைக்கும். அக்கா கடையில் மட்டும் ஒரு ரேக் முழுக்க ஜப்பான் அனிமே கார்ட்டூன் படங்கள். சென்னையில் இருந்த அவர் தம்பி அனுப்பி வைப்பார்.

அந்தப் படங்களின் குணம் ஒரு தினுசு. முதல் சிடியில் பூனை வழுக்கி விழும், பிள்ளைகள் கும்மாளம் போடும். இரண்டாவது சிடியில் யுத்தம் வரும், பஞ்சம் வரும்... சொல்லிக்கொள்ளாமல் வரும்.

கறிக்கடைக்காரர் ஒருவர் சிடியைக் கையில் பிடித்துக்கொண்டு சண்டைக்கே வந்துவிட்டார். "ஏக்கா, சிரிப்புப் படம்னுதான குடுத்தீக? எம்பொண்டாட்டி சோறு பொங்காம ஒக்காந்து அழுகுறா."

"பொழுதன்னைக்கும் சீரியல் பாத்து அழுகுறாளே, அதுக்கு யாருகிட்டய்யா சண்டைக்குப் போன?"

இருந்தாலும் அதற்குப் பிறகு அக்கா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். இந்த மாதிரிப் படம் என்றால் முதல் நாள் முதல் சிடி மட்டும்தான். மறுநாள் போனால் ஆள் முகத்தைப் பார்ப்பார். "ரெண்டாவதுல மனசு கொஞ்சம் கனத்துப் போகும். வேணுமா?" வேண்டும் என்றால்தான் எடுத்துத் தருவார்.

ஞாயிற்றுக்கிழமை, நூல் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பெண்பிள்ளைகள் வருவார்கள். அந்தக் காலத்து ஜப்பானில் நூல் மில்லில் வேலை பார்த்த பெண்களைப் பற்றி ஒரு படம். கடை டிவியிலேயே போட்டுக் காட்டினார்.

ஒரு பிள்ளை கேட்டது. "அங்கனயும் சூப்பர்வைசர் இப்பிடித்தானாக்கா?"

"எங்கனயும் அப்பிடித்தான்த்தா" என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் நடந்தது வேறு.

என் மகளுக்குக் காது குத்த வேண்டும். குலசாமி கோயிலில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்துவதுதான் முறை. தாய்மாமன் பாண்டி, என் மனைவி செல்வியின் தம்பி, பக்கத்துத் தேவாரம் ஊர்க்காரன். தோடு வாங்கி வைத்துக்கொண்டு தயாராக இருந்தான்.

ஆனால் கோயில் எங்கே என்று கேட்டால் எங்கள் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். விடாமல் கேட்டால், "வீட்டுலயே குத்துங்கப்பா" என்பார். எனக்கே வீட்டில் வைத்துத்தான் குத்தினார்களாம்.

பாண்டிக்கு அது அவமானமாகப் பட்டது. "உங்க சாமி முன்னாடி நிக்க எங்களுக்குத் தகுதி இல்லையோ? மதிக்காத எடத்துல எனக்கென்ன வேல மச்சான்?" காதுகுத்துக்கு வரமாட்டேன் என்று போய்விட்டான். செல்வி என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள். தாய்மாமன் இல்லாமல் என்ன காதுகுத்து...

வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அக்கா கடைக்குப் போனேன். "பாப்பா சிரிக்கிற மாதிரி ஒண்ணு குடுங்கக்கா." அன்று கடையில் நல்ல கூட்டம். அவசரத்தில் இரண்டு சிடியையும் சேர்த்தே கவரில் போட்டுவிட்டார்.

முதல் சிடி... ஒரு மலையூர், ஒரு பன்றிக்குட்டி, அதைத் துரத்தும் பிள்ளைகள். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். செல்வியும் சிரித்தாள். அந்த ஜோரில் இரண்டாவதையும் போட்டேன்.

அந்த ஊரில் அணை கட்ட வருகிறார்கள். வீடு வீடாகக் காலியாகிறது. கடைசியில் நாலு பேர் ஊர்ச்சாமிக் கல்லை வண்டியில் ஏற்றி, கொட்டும் பனியில் மலைமேல் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.

அப்பா எழுந்துவிட்டார். "அவுகளாவது எடுத்துட்டுப் போறாக. நாங்க எடுக்கலையேப்பா..."

நான் டிவியை நிறுத்தினேன்.

வைகை அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன சின்ன ஊர் அவருடையது. அப்போது அவர் சிறுபிள்ளை. ஊரைவிட்டுப் போகிறவர்கள் கோயிலில் இருந்து பிடிமண் எடுத்துப் போய்ப் புது இடத்தில் சாமியை வைப்பார்கள். தாத்தாவும் அவர் தம்பியும் யார் எடுப்பது என்று சண்டை போட்டு, கடைசியில் யாருமே எடுக்கவில்லை.

"கோயில் எங்கன்னு கேட்டா என்னத்தச் சொல்ல? சாமியத் தண்ணிக்குள்ள விட்டுட்டு வந்த குடும்பம்னு சொல்லவா?"

மறுநாள் அப்பாவே பஸ் ஏறித் தேவாரம் போனார். பாண்டியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"இதுக்கா மாமா இத்தன நாளு? தண்ணிக்குள்ள இருந்தாலும் சாமி சாமிதான். கரையில வச்சுக் குத்துவோம்."

கோடையில் தண்ணீர் இறங்கியதும் அணைக்கரையில் பந்தல் போட்டோம். பாண்டி மடியில் என் மகள் போட்ட கூப்பாடு ஊருக்கே கேட்டிருக்கும். அப்பா தண்ணீரைப் பார்த்து ரொம்ப நேரம் கும்பிட்டார். அவ்வளவு சந்தோசமாக அவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கிரேஸ் அக்காவும் வந்திருந்தார். நடந்ததை அங்கே வைத்துத்தான் சொன்னேன். "ஐயையோ, ரெண்டையுமா குடுத்துட்டேன்?" என்று வாயில் கை வைத்தார். பிறகு பொங்கலை இன்னொரு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

அப்பா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏத்தா, அந்தப் படத்த நான் முழுசாப் பாக்கல. அந்தக் கல்ல மேல கொண்டு போயிச் சேத்துட்டாகளா?"

"சேத்துட்டாகய்யா. மேல கோயிலே கட்டிட்டாக."

அப்பா தலையாட்டினார். "நல்லது" என்றார். பிறகுதான் இலையில் உட்கார்ந்தார்.

அப்பா காலமான பிறகு ஒருநாள் அந்தப் படத்தைக் கடைசிவரை பார்த்தேன். வண்டி பாதி மலையில் நிற்கிறது. பனி கொட்டுகிறது. படம் அங்கேயே முடிந்துவிடுகிறது...

கோயில் கட்டுகிற காட்சி அதில் எங்கேயும் இல்லை.

நாளைக்குப் போடியில் அடக்கம். நானும் பாண்டியும் வருகிறோம், அக்கா.