‘அறியாமை’ என்று நான் எழுதிய கட்டம்

“பொம்பளப்புள்ள நோட்டும் பேனாவுமா ஊர் சுத்துனா நோய் ஓடிருமா?” என்று மாமா கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். சிரித்துக்கொண்டே வேலையில் சேர்ந்தேன்.

குடவாசல் பக்கத்து ஊர்களில் எந்தக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடவில்லை, யாருக்குக் கக்குவான் இருமல் வந்தது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதும் ஆய்வு அது. விவசாயக் கூலிகள் தெருவிலிருந்து ஒருவர்கூட ஊசி முகாமுக்கு வந்திருக்கவில்லை. காரணம் எழுதும் கட்டத்தில், யாரையும் கேட்காமலே ‘அறியாமை’ என்று நிரப்பிக்கொண்டு போனேன்.

கடைசி வீட்டில் ஒரு சிறுவன் இருமி இருமி முகம் நீலம் பாரித்துக் கிடந்தான். தாயின் மடியில் கைக்குழந்தை.

“ஊசி போட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமாக்கா?” என்று அதட்டினேன்.

“ஊசிக்கு யாரும்மா பயந்தா? முகாம மிராசுதார் களத்துல வச்சீங்க. கூலி உயர்வு கேட்டு நாங்க நடவுக்குப் போகாம நிக்கிறோம். அவர் வாசல்ல போய் நின்னா, பணிஞ்சு வந்துட்டாங்கன்னு சொல்லுவாங்க. தெருவே தோத்துரும்.” குழந்தையை இறுக்கிக்கொண்டாள். “இந்தச் சின்னதுக்காவது இங்க வந்து போடுவீங்களா?”

படித்தவள் என்ற பெருமையில், கேட்க வேண்டிய ஒரே கேள்வியை விட்டிருந்தேன்.

அன்றே சிறுவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எல்லாத் தாள்களிலும் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, அவள் சொன்னதை எழுதி, ஆய்வை நடத்திய டாக்டரிடம் கொடுத்தேன். மறுநாள் காலை நர்ஸுடன் ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தத் தெருவுக்கே போனேன்.